மதினி நிமிர்ந்து பார்த்த இடங்கள்

மதினி எனக்குச் சொந்த மதினி இல்லை. நாரணாபுரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன், அதனால் அவள் மதினி. அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கே எழுதினால் வேறு யாரோ மாதிரி இருக்கும்.

ஒரு கட்டடத்துக்குள் போனால் பொம்பளைகள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? யார் யார் வந்திருக்கிறார்கள், யார் கழுத்தில் என்ன கிடக்கிறது. நான் அதைத்தான் பார்ப்பேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மதினி வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுவாள். கழுத்தை நிமிர்த்தி மேலே பார்ப்பாள். பின்னால் வருகிறவர்கள் முட்டுவார்கள், முணுமுணுப்பார்கள். அதெல்லாம் அவள் காதில் ஏறாது. அப்புறம் தலையை இறக்கி, தேங்காயைத் தட்டிப் பார்த்தவள் மாதிரி ஒரே வார்த்தை சொல்வாள். "இருக்கு." இல்லாவிட்டால், "இல்ல." அந்த இடத்தில் சாமி இருக்கிறதா இல்லையா என்பதற்கு அவள் சொல்லும் முடிவு அது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவளே ஒரு நாள் சொன்னாள். அவள் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். அம்மா வயல் கூலி. எங்கள் ஆட்களைக் கோயிலுக்குள் விடாத காலம் அது. தேர்த் திருவிழா சமயத்தில் அவள் அம்மா தூரத்தில் ஒரு வரப்பில் நின்று, மகளைத் தோளில் ஏற்றிக் கோபுரத்தைக் காட்டுவாளாம். உள்ளே இருப்பவரைப் பார்க்க வழியில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் கோபுரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு சட்டம் வந்தது, கதவு திறந்தது. மதினியும் உள்ளே போய் இருட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, திரும்பவும் கோபுரத்தைப் பார்த்து நின்றாளாம். உள்ளேயும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குப் பழகினவர் இவர்தான் என்றாள்.

கோயிலோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. என் நாத்தனார் கல்யாணத்துக்கு வத்தல் மல்லி வாங்க விருதுநகருக்குப் போனபோது அவளையும் கூட்டிப் போனேன், பேரம் பேசுவதில் கெட்டிக்காரி என்று. மொத்த வியாபாரி ஒருவர் சரக்கு அடுக்கி வைக்கிற பழைய கிட்டங்கி அது. ஆளுயரத்துக்கு வத்தல் மூட்டைகள், அதற்கு மேல் தேக்கு உத்தரம், அதற்கும் மேல் ஓடு. ஓட்டுக்கு நடுவே பதித்திருந்த கண்ணாடி வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி இறங்கியது. அந்த வெளிச்சத்தில் வத்தல் தூசி சிவப்பாகச் சுழன்றது. நானும் குமாஸ்தாவும் தும்மித் தும்மிக் கண்ணைக் கசக்குகிறோம். மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பேரமெல்லாம் போயே போச்சு. குமாஸ்தா சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறின பிறகு என் காதோடு "அங்கன இருந்துச்சு தாயி" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் திருத்தங்கல் வரும் வரை பேசவில்லை.

சிவகாசியில் ஒரு கிறிஸ்துமஸுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி எங்களைச் சர்ச்சுக்கு அழைத்துப் போனாள். உயரமான வெறும் சுவர், வளைவு வளைவாகக் கூரை, ஜன்னலில் கலர்க் கண்ணாடி. மதினி "இருக்கு" என்றாள். சிநேகிதி சந்தோஷம் தாங்காமல் சர்ச்சுப் பாதிரி ஐயரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவரும் மறுவாரமே குடையும் கையுமாக எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். மதினி அவருக்கு மோர் கொடுத்து, சாமி இருக்கிறது என்றுதான் சொன்னேன், வருகிறேன் என்று சொல்லவில்லையே என்று பணிவாகச் சொல்லி அனுப்பினாள்.

எங்கள் தெருவிலேயே வரி போட்டு அம்மன் கோயில் கட்டியபோதுதான் வம்பு வந்தது. புதுச் சிமெண்டு, பச்சையும் ரோஸுமாக எனாமல் பெயிண்டு. கமிட்டி ஆட்கள் வேண்டுமென்றே அவளை முன்னால் நிறுத்தினார்கள். பார்த்துவிட்டு நகரப் போனாள். விடாமல் கேட்டதற்கு, "இன்னும் வரல" என்றாள். அன்றைக்கு நடந்த சண்டையில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. நாலைந்து மழைக்காலம் போய், பெயிண்டெல்லாம் வெளுத்து, பக்கத்து வேம்பு கூரைக்கு மேல் சாய்ந்து வளர்ந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை தண்ணிக் குடத்தோடு போகிறபோது நின்று பார்த்து, "வந்துருச்சு" என்றாள். கமிட்டிக்காரர்கள் அதற்கு ஒரு பொங்கலே வைத்தார்கள்.

அண்ணன் கருப்புச் சட்டைக்காரர். டீக்கடையில் பேப்பரை உரக்க வாசித்து மற்றவர்களுக்கு அர்த்தம் சொல்கிறவர். சாமி இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. புருஷன் எதிலும் இல்லை என்கிறார், பெண்டாட்டி வத்தல் கிட்டங்கியில்கூட இருக்கிறது என்கிறாள். ஆனால் இவ்வளவு இணக்கமான புருஷன் பெண்டாட்டியை அந்தத் தெருவில் நான் பார்க்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டில் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த விவாதம் இருக்கும். கல்லை வெட்டியது மனுஷன், சுமந்தது நம்ம ஆட்கள், முதுகு ஒடிந்தது அவர்களுக்கு, இதில் சாமி எங்கே வந்தது என்பார் அண்ணன். மதினி அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொல்வாள்.

"மழைக்கு ஒதுங்க ஒரு கூரை போதும்லா. பெறகு எதுக்கு அம்புட்டு ஒசரம், அம்புட்டு அழகு? கட்டுனவன் எதையோ பாத்துருக்கான். பாக்காம எப்பிடிக் கை வரும்?"

அதற்கு அண்ணனிடம் பதில் இருந்தது. அதற்கு மதினியிடமும் இருந்தது. அவர்கள் மகள் பேச்சி நடுவில் உட்கார்ந்து இருவர் கட்சியிலும் மாறி மாறிச் சேர்ந்துகொள்வாள். எந்தப் பக்கம் அன்று தோற்கிறதோ அந்தப் பக்கம்.

நான் எட்டாவது வரை படித்தவள். அதனால் எதற்கும் ஒரு விதி வேண்டும் எனக்கு. தீப்பெட்டிக்கூடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எதை வைத்து இருக்கிறது, இல்லை என்று சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கையிலிருந்த கூட்டை ஒட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"உள்ள போனா நான் சின்னதாயிரணும் தாயி. ஆனா பயம் வரக் கூடாது. மொதலாளி வீட்டுக்குள்ள போனாலும் சின்னதாத்தான் ஆவேன். ஆனா அங்கன பயமா இருக்கு. சாமி இருக்க எடத்துல சின்னதா இருக்கது சொகமா இருக்கும்."

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அச்சாபீஸிலிருந்து மை ஒட்டிப்போன காலண்டர் படங்கள் வரும். முருகன், லட்சுமி, எல்லாரும் வருவார்கள். அவளுக்கும் ஒன்று கொடுத்தேன். மூஞ்சி நன்றாக இருக்கிறது, உள்ளே போக முடியாதே என்று சொல்லிவிட்டு அரிசிப் பானைக்கு மூடியாக வைத்துக்கொண்டாள்.

பேச்சி பதினாறு பதினேழு வயதில் வெடிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். சரம் பின்னுகிற வேலை. விரல் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். கம்பெனியில் வெடிமருந்து புழங்குகிற ரூம்களைச் சின்னதாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் ஓடுவதற்கு. அந்த வாசலில் எதையும் வைக்கக் கூடாது என்பது சட்டம். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

புரட்டாசியில் தீபாவளி லோடு ஏற்றுகிற அவசரம். அன்று காலையில் தூறல் விழுந்தது. முற்றத்தில் அடுக்கியிருந்த பெட்டிகள் நனைந்தால் சரக்கு வீண், கட்டின பிள்ளைகளுக்குக் கூலியும் கிடையாது. ஃபோர்மேன் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். உள்ளே இடம் எங்கே இருக்கிறது? பின்வாசலில்தான் இருந்தது. பிள்ளைகளே ஓடி ஓடி எடுத்து அடுக்கினார்கள். பேச்சியும்தான் அடுக்கினாள். ஒவ்வொரு மழைக்கும் அப்படித்தான் செய்வார்கள். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே நடந்துபோயிருக்கிறார், பல தடவை.

எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் பொம்பளைகள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்து, புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். அன்றைக்கு நானும் மதினியும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். புகை கிழக்கே எழுந்தது. அவள் செருப்பில்லாமல் ஓடினாள். பேச்சியோடு அந்த ரூமில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் பின்வாசல் பக்கம்தான் கிடந்தார்கள்.

அதற்குமேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அதிகாரிகள் வந்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். கேஸ் ஒன்றும் நிற்கவில்லை. பெட்டியை அடுக்கியது அந்தப் பிள்ளைகள்தானே என்றார்கள். பொய் என்று சொல்ல முடியாது. அண்ணன் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் ராத்திரி விவாதச் சத்தம் கேட்பது நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. மதினி நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். நடந்தால் தரை, உட்கார்ந்தால் தரை.

ஒரு சனிக்கிழமை அவளை இழுக்காத குறையாகத் திருத்தங்கல் மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போனேன். முன்பெல்லாம் அந்தப் படி ஏறும்போதே கழுத்தை நிமிர்த்துகிறவள். பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். நீ போய்விட்டு வா என்றாள். ஏன் மதினி, சாமி இல்லை என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இல்லன்னா வந்துருவேனே. உள்ள போனா இருந்துரும் தாயி. அதுக்குத்தான் பயமா இருக்கு."

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று தேங்காயை உடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

சில வருஷங்கள் போயின. கம்பெனிக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த தன் நிலத்தில் முதலாளி ஒரு கோயில் கட்ட ஆரம்பித்தார். சிமெண்டு கிடையாது, பெயிண்டு கிடையாது. முழுக்கக் கருங்கல். தெற்கேயிருந்து சிற்பிகள் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டுத் தங்கி வேலை செய்தார்கள். உளிச் சத்தம் எங்கள் தெரு வரை கேட்கும். செய்த பாவத்தைக் கல்லைப் போட்டு மூடுகிறார் என்று ஜனங்கள் பேசினார்கள். நானும் பேசினேன். ஆனால் அந்த மனுஷன் அந்தப் புரட்டாசிக்குப் பிறகு பாதியாக இளைத்துப்போயிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் கணக்குப்பிள்ளையை மதினி வீட்டுக்கு அனுப்பினார். தட்டில் பழம், பூ, ஒரு பட்டுச் சேலை. மதினி சொல்கிற "இருக்கு", "இல்ல" அவர் காது வரைக்கும் போயிருந்தது. அவள் வந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். மதினி பூவை மட்டும் எடுத்துக்கொண்டாள், பேச்சி படத்துக்குப் போட. வருகிறேன் என்றும் சொன்னாள்.

கும்பாபிஷேகத்தன்று தெருவே கூடிவிட்டது. அவளை யாரும் தடுக்கவில்லை. எல்லாரும் ஒரே எண்ணத்தில் இருந்தார்கள். கோர்ட்டு சொல்லாததை இவள் சொல்லட்டும். அத்தனை கல்லுக்கும் அத்தனை காசுக்கும் நடுவில் நின்று, முதலாளி முகத்துக்கு நேரே, "இல்ல" என்று சொல்லட்டும். பிள்ளைகளைப் பறிகொடுத்த மற்ற தாய்மார்கள் வந்து அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் அன்று கூடவே வந்தார். ஒரு கும்பாபிஷேகத்துக்கு என்று அவர் நடந்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். ரோட்டோரம் புளியமரத்தடியில் நின்றுகொண்டு, என் காதுபடவே அவளிடம் சொன்னார்.

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு புள்ள. நமக்குக் கெடைக்கப்போறது அம்புட்டுத்தான்."

அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

நான் அவளோடு உள்ளே போனேன். நாலு பக்கமும் திறந்த மண்டபம். நாலு பக்கமும் அகலமான வாசல். தூண்கள் மெலிதாக எழுந்து, மேலே போகப் போக விரிந்து, நடுவில் ஒரு கல் தாமரையைத் தாங்கின. எந்தப் பக்கம் நின்றாலும் காற்று வந்தது. மேளம் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம், சனக்கூட்டம். முதலாளி கைகட்டி ஒரு தூணோரம் நின்றார். மதினி வாசல் தாண்டி நின்றாள். தரையைப் பார்த்தபடியே வெகு நேரம் நின்றாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

நான் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அந்த வார்த்தைக்குத் தயாராக இருந்தது, நான் சத்தியமாகச் சொல்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த உதடு தளர்ந்தது. கண்ணீர் காதோரம் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. துடைக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து, சொல்லுங்க மதினி, சொல்லுங்க என்றார்கள்.

"இருக்கு" என்றாள்.

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. கூட வந்த ஒரு தாய் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனாள். முதலாளிக்கு முகமெல்லாம் கலங்கிவிட்டது. கும்பிட்ட கையோடு அவள் முன்னால் வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். மதினி அவரைப் பார்க்கவில்லை. கிழக்கு வாசலைப் பார்த்தாள், தெற்கைப் பார்த்தாள், ஒவ்வொன்றாகத் திரும்பி நாலையும் பார்த்தாள்.

"நாலு பக்கமும் வாசல் வச்சிருக்கீக மொதலாளி. ஒண்ணுலயும் பெட்டி இல்ல."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவர் கும்பிட்ட கை அப்படியே நின்றது. நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

புளியமரத்தடியில் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். ஒரு பொய் சொன்னால் என்ன, பிள்ளைக்காக ஒரே ஒரு பொய் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"பொய் சொல்லத்தான் போனேன். நிமிந்து பாத்துட்டேன், வாய் வரல" என்றாள் மதினி. "அங்கன இல்லாம இருந்தா நல்லாருந்துருக்கும். அந்தாளு கட்டுனதுலயும் வந்து இருக்கே. பேச்சி ரூமுல இல்லாம அங்க வந்து இருக்கே."

அன்றிலிருந்து சாமி இல்லை என்று அண்ணன் சொல்லி நான் கேட்கவில்லை.

அடுத்த மாதமே கம்பெனி ரூம்களில் கொத்தனார்கள் பக்கச் சுவர்களை உடைத்துப் புது வாசல் வைத்தார்கள். மதினி வாயால் நடந்தது என்று தெருவில் பெருமையாகச் சொன்னார்கள். அவள் அதைக் கேட்டு முகம் மலரவில்லை. வாசல் அன்றைக்கும் இருந்ததே என்றாள். சீசன் தொடங்கியதும் கம்பெனி கேட்டில் போய் நின்று வேலை கேட்டாள். என்ன வேலை தெரியும் என்று ஃபோர்மேன் கேட்டதற்கு, வாசல் பார்க்கிறேன் என்றிருக்கிறாள். முதலாளி உள்ளேயிருந்து தலையசைத்துவிட்டார். மகளைத் தின்ன இடத்தில் போய்ச் சம்பளம் வாங்குகிறாள் என்று பேசாதவர்கள் இல்லை.

ரூம் ரூமாக நடப்பாள். வாசலில் பெட்டி இருந்தால் இழுத்து வெளியே போடுவாள். நனைந்த பெட்டிக்குக் கூலி இல்லை என்பதால் பிள்ளைகளே அவளைத் திட்டினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் மறுபடி அடுக்கினார்கள். அவள் சுற்றிவந்து மறுபடி இழுத்தாள்.

அந்த வருஷம் நானும் லேபில் ஒட்ட அங்கே போயிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோயிலில் மணி அடித்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கும்பாபிஷேகத்துக்கு அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லையே மதினி, ஒரு நிமிஷம் உள்ளே போய் நின்றுவிட்டு வாருங்களேன், மனசு ஆறுமே என்றேன்.

"அங்கன சாமி நல்லாத்தான் இருக்கு தாயி" என்றாள். "இங்கனதான் ஆள் இல்ல. இந்தா, இந்தப் பக்கம் பிடி."

மழை பிடித்துக்கொண்டது. உள்ளே உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்களை வைதார்கள். நானும் அவளும் அந்தப் பெட்டியைத் தூக்கி வந்து வெளியே மழையில் வைத்தோம்.